ஒரு திங்கள் ஊதியம்: ஈகையல்ல, உரிமை!

தோழா!

லால்குடிக் கடைத்தெருவிலே துணி மடித்தும், தராசு பிடித்தும் உழைத்திடும் பணியாளரிடம், "நாளை முதல் வராதே" என்று முதலாளி கூறிடின், தலைகவிழ்ந்து போகத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை!

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்து 41ஆம் பிரிவு சாற்றுவதென்ன? ஆறு திங்கள் தொடர்ந்து உழைத்தவரை நீக்கிட, நியாயமான காரணம் வேண்டும்; அத்துடன் ஒரு திங்கள் முன்னறிவிப்போ, அதற்கு ஈடான ஊதியமோ வேண்டும். குற்றஞ்சாட்டி, முன்னறிவிப்பின்றி விரட்டுவதாயின் விசாரணை வேண்டும், சான்றும் வேண்டும்!

காசை வீசிவிட்டால் காரணம் கேட்கலாகாது என்பாரோ? கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

அந்த ஒரு திங்கள் ஊதியம், அடுத்த வேலை கிட்டும்வரை அடுப்பை அணையாது காத்திடும் விறகு! கைகட்டி நின்று இரவாதே. உரிமையென உரைத்துப் பெறு!