ஒரே சட்டை, வேற வேற கயிறு

பி.காம் படிக்கிறவன் டெபிட், கிரெடிட்டை விட்டுட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் பத்தி ஏன் எழுதுறான்னு கேக்காதீங்க. காரணம் கடைசியில வரும்.

முதல்ல பிரான்ஸுக்குப் போவோம். அங்கே ரொம்ப காலம் பள்ளிப் பையன்கள் உடுப்புக்கு மேல ஒரு அங்கி போட்டுக்கிட்டுப் போனாங்க. கறுப்பு அல்லது சாம்பல் நிறம், முழுக்கை, முழங்கால் வரைக்கும் நீளம். தொட்டு எழுதுற பேனா காலம் அது, மை சிந்தினா அங்கியோட போகட்டும்னுதான் முக்கியமான நோக்கம். கூடவே இன்னொரு லாபமும் இருந்தது. உள்ளே கிழிசல் சட்டையா, புதுச் சட்டையான்னு யாருக்கும் தெரியாது. நாடு முழுக்க ஒரே சட்டம்னு எதுவும் கிடையாது, அந்தந்தப் பள்ளிதான் முடிவு பண்ணும். 1965-ல் பால்பாயிண்ட் பேனாவைப் பள்ளிகளில் அனுமதிச்சாங்க. மை சிந்துற பயம் குறைஞ்சது, அடுத்த சில வருஷத்தில் அங்கியும் மெல்ல மறைஞ்சது.

நம்ம ஊர்க் கதை வேற. நமக்கு மை பிரச்சினை இல்லை, சட்டையே இல்லாததுதான் பிரச்சினை. காமராஜர் முதல்வராக இருந்தப்போ, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையில் பல பள்ளிகளுக்குச் சீருடையும் வந்தது. பிறகு 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், சத்துணவு சாப்பிடுற எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் திட்டம் வந்தது. 2012-ல் இருந்து வருஷத்துக்கு நாலு செட். எங்க அப்பா காலத்தில் காக்கி டிரவுசர், வெள்ளைச் சட்டை. நான் படிச்சப்போ மெரூனும் சந்தனக் கலரும். அதுக்கப்புறம் கட்டம் போட்ட சட்டை வந்தாச்சு.

இந்தத் துணி வானத்தில் இருந்து குதிக்கலை. நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் நெய்யுது, மகளிர் தையல் தொழில் கூட்டுறவு சங்கங்கள் தைக்குது. தறிச் சத்தம் கேட்டே வளர்ந்த சங்கரன்கோவில்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்க அம்மாவும் அப்படி ஒரு சங்கத்தில் உறுப்பினர். வெட்டின துணியைக் கட்டுக் கட்டா வாங்கிட்டு வந்து வீட்டில் வச்சுத் தைப்பாங்க. எந்தத் தெருப் பையன் போடப் போறான்னு அவங்களுக்குத் தெரியாது. எல்லாச் சட்டைக்கும் ஒரே தையல், ஒரே கூலி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஏழாவது படிக்கும்போது, மேல் வகுப்பு அண்ணன் ஒருத்தன் என் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தான். "என்னல, கயிறு ஒண்ணும் காணோம்? நீ எந்த ஆளு?"ன்னு கேட்டான். நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். தென்மாவட்டப் பள்ளிகள் பலதில் மணிக்கட்டில் கட்டுற கயிறோட நிறம்தான் சாதி அடையாளம். மறுநாளே நானும் ஒண்ணு கட்டிக்கிட்டேன். எந்த நிறம்னு இங்கே சொல்ல மாட்டேன். கட்டினதும் எனக்கு நாலு கூட்டாளிகள் கிடைச்சாங்க. அதுவரைக்கும் மதியச் சோத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்ட ஒருத்தன் தள்ளி உட்கார ஆரம்பிச்சான். அவன் கையில் வேற நிறம்.

2019-ல் பள்ளிக்கல்வித்துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினாங்க. வெட்டினது கூடப் படிச்ச பையன்கள். அதுக்குப் பிறகு அமைச்ச நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாத்தையும் பள்ளிக்குள் தடை பண்ணச் சொன்னது. உடனே "கோயில் கயிறைக் கட்டக்கூடாதா?"ன்னு சிலர் கிளம்பினாங்க.

கோயில் கயிறு பக்தின்னா அதில் சண்டைக்கு இடமே இல்லை. ஆனா பக்தியில் கட்டுற கயிறுக்குத் தெருவுக்குத் தெரு நிறம் மாறுமா? எங்க ஊர்ச் சாமியே, சங்கனும் பத்மனும் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரான்னு சண்டை போட்டப்போ, ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு பாதிப் பாதியா நின்ன சங்கரநாராயணர். அந்தக் கோவில் வாசலில் நின்னுக்கிட்டு நாம கையைத் திருப்பிப் பார்க்கிறோம்.

பிரெஞ்சு அங்கி மாதிரி முழுக்கைச் சட்டை தைச்சா மணிக்கட்டு மறையும். சாதி மறையாது, அடுத்து பனியன் கலரில் வந்து நிக்கும். அதனால் தடை வேணும்ங்கிறதுதான் என் கருத்து, ஆனா தடை மட்டும் போதாது. ஏன் தடைன்னு வாத்தியார் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லணும். எங்க வாத்தியார்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாங்க, அதுதான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது.

நான் கயிறை அறுத்தது காலேஜ் முதல் வருஷத்தில்தான். அம்மா கூலிக்குத் தைச்ச சட்டை எல்லாரையும் ஒண்ணாக் காட்டுச்சு. அதே மாதிரி ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு, ரெண்டு ரூபாய்க் கயிறால நான் அதைக் கெடுத்தேன். அந்தக் கூட்டாளியை இன்னும் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். சிரிப்போம், பேச வரலை. அடுத்த தடவை நானே போய்ப் பேசணும்.