காரமடைப் பிள்ளைகளுக்கு எந்த வானம்?

மழலையர் வகுப்புச் சுவர்களில் தொங்கும் வானிலைப் படங்களைப் பாருங்கள். சன்னி, ரெய்னி, விண்டி, கடைசியில் ஸ்னோயி. அதற்குக் கம்பளிக் குல்லாய் போட்ட பனி பொம்மை. நான்கு வயதுக் குழந்தை அதை ஒப்பித்துவிடும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மோடம் போட்டிருப்பதைச் சொல்லவோ, தூறல் எது, சாரல் எது, அடைமழை எது என்று பிரித்துக் காட்டவோ அதற்குத் தெரிவதில்லை. பார்க்காத பனியைப் படித்துவிட்டு, பார்க்கும் வானத்துக்குப் பேரில்லாமல் நிற்கிறது குழந்தை. இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

காரமடையின் வானத்தைப் படிக்கப் பொதுவான படம் போதாது. இது மழை மறைவுப் பகுதி. ஆடியில் தென்மேற்குப் பருவமழையை நீலகிரி வாங்கிக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனாலும் மலையில் பெய்வது நம்மைத் தொடாமல் போவதில்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியில் சேர்ந்து பில்லூர் அணைக்கு வருகிறது. 100 அடி கொண்ட அந்த அணை நிரம்பும் நிலையை நெருங்கினால், மேட்டுப்பாளையத்துக் கரையோரம் வெள்ள எச்சரிக்கை. இங்கே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும் என்பது, கரையோரத்தில் விளையாடும் பிள்ளை அவசியம் புரிந்துகொள்ள வேண்டியது.

வானத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் ஆங்கிலம் பின்தங்கிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் தூறலுக்கும் கனமழைக்கும் வேற்றுமை அறிந்த குழந்தைக்கு, அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் ஒரு வாரத்து வேலை. வேற்றுமையே தெரியாத குழந்தைக்கு எந்த மொழியிலும் அவை வெறும் ஒலிதான். பருவமே தப்பிவிட்டதே, ஐப்பசி, கார்த்திகை என்ற மாதக்கணக்கு எதற்கு என்பார்கள் சிலர். தப்பியதை உணரவே அந்தக் கணக்கு வேண்டும். ஐப்பசியில் அடைமழை வர வேண்டும் என்று அறிந்தவருக்குத்தான் அது வராதது உறைக்கும். வேலை தேடி இங்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இதே வகுப்புகளில் இருக்கிறார்கள். மழைக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் பெயரையும் பலகையில் எழுதினால் யாருக்கும் குறைவில்லை.

இதற்குப் புதுப் பாடநூலோ நிதியோ தேவையில்லை. அங்கன்வாடிகளிலும் மழலையர் வகுப்புகளிலும் தினமும் காலையில் பத்து நிமிடம் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து வந்து, மலைப்பக்கம் பார்க்கச் சொல்லி, இன்றைக்கு வானம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையே படமாக வரையச் சொல்லி, அந்தச் சுவரில் ஒட்டுங்கள்.