கதவைச் சாத்துபவர் எப்போது தூங்குவார்?

பெண்கள் விடுதியின் கதவை எத்தனை மணிக்குச் சாத்துவது என்ற கேள்வி கேரளத்தில் சில ஆண்டுகளாகத் தெருவுக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைந்திருக்கிறது. திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி மாணவிகள் மாலை 6.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் போராடி, 2019இல் அதை இரவு 9.30 ஆக மாற்ற வைத்தார்கள். அதே ஆண்டில், மாலை 6 முதல் 10 மணி வரை செல்போனைத் தொடக்கூடாது என்று சொன்ன கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றுக்கு எதிராக ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி உயர் நீதிமன்றம் போய் வென்றார். 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள், ஆண்களுக்கு இல்லாத பூட்டு எங்களுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி அரசின் உத்தரவு வந்தது. 9.30க்குக் கதவு சாத்தப்படும். முதலாண்டுக்காரர்கள் அதற்குள் வந்துவிட வேண்டும். மற்றவர்கள் அதன் பிறகும் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போகலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி.

நல்ல மாற்றங்கள்தான். இருபது வயதுப் பெண்ணைப் பொழுது சாய்வதற்குள் உள்ளே தள்ளித் தாழ் போடுவதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது போதும். ஆனால் அந்த உத்தரவில் வருகிற பதிவேட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 11 மணிக்குத் திரும்புகிற மாணவி அதில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், அதை எடுத்து நீட்ட ஒருவர் விழித்திருக்க வேண்டும். மாணவிகளின் நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசிய ஊரில், அந்த ஒருவரின் நேரத்தைப் பற்றிய பேச்சு என் காதில் விழவே இல்லை.

கேரளத்துப் பெண்கள் விடுதிகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் மேட்ரன்தான். வார்டன் என்பவர் அநேகமாகக் கல்லூரி ஆசிரியர். வகுப்பு, விடைத்தாள், துறை வேலை எல்லாவற்றுக்கும் மேல் கூடுதல் பொறுப்பாக இதைச் சுமப்பவர். விடுதியிலேயே கிடப்பவர் மேட்ரன். தமிழ்நாட்டு அரசு விடுதிகளில் 'காப்பாளர்' என்று ஓர் அழகான சொல் வைத்திருக்கிறோம். இங்கே பிள்ளைகள் 'ஆன்ட்டி' என்கிறார்கள், சில இடங்களில் 'சேச்சி'. மேட்ரன் என்ற சொல்லுக்கே அடியில் இருப்பது தாய் என்று பொருள்படும் லத்தீன் வேர். வம்பு அங்கேதான் ஆரம்பமாகிறது. தாய்க்கு வேலை நேரம் கிடையாது என்று நாம் எல்லோரும் எப்போதோ முடிவு செய்துவிட்டோம்.

காலை 5 மணிக்குத் தண்ணீர் மோட்டார். பிறகு மெஸ் சாமான், பால் கணக்கு, வராத துப்புரவுப் பணியாளருக்கு மாற்று ஆள். பகலில் காய்ச்சலில் படுத்திருக்கும் பெண்ணுக்குக் கஞ்சி. மாலையில் வருகைப் பதிவு. இரவில் போன். துபாயில் இருக்கும் அப்பா வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, 10 மணிக்கு மகளை நினைத்துக்கொள்கிறார். அவள் போனை எடுக்கவில்லை என்றால் மேட்ரனை அழைக்கிறார். அப்போது திருவனந்தபுரத்தில் மணி 11.30. மாடியேறி அறைக் கதவைத் தட்டி, பெண் தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டு இறங்கி வருவதற்குள் மேட்ரனின் தூக்கம் போயிருக்கும். நள்ளிரவுக்கு மேல் வயிற்று வலி என்று ஒருத்தி வந்தால் ஆட்டோவைப் பிடித்து மெடிக்கல் காலேஜ் ஓட வேண்டும். மறுநாளும் 5 மணிக்கு மோட்டார் உண்டு.

இந்த நகரில் ஒரு தனியார் கல்லூரி விடுதியின் மேட்ரனுடன் பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய விதவை. கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள் சேச்சி என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டபோது. அன்றைக்கும் 3 மணிக்கு விழிப்பு வந்துவிட்டது." பிறகு, கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் ஒரு பிள்ளை அழுதால் அவருக்கும் சோறு இறங்காதாம். "இப்போது அவள் அழும்போது, இது எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். நியூயார்க் மனநல மருத்துவ உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் இந்தச் சொல்லைத் தம் கட்டுரைத் தலைப்பில் வைத்தார். அவர் கண்டது கம்பெனி அதிகாரிகளை அல்ல, போதையில் சிக்கிய இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனையில் இரவு பகலாக உழைத்த தொண்டர்களையும் தன்னையும்தான். பிறர் துயரத்தைத் தினமும் வாங்கிக்கொள்கிற வேலையில் பிறந்த சொல் அது. இங்கே அது எப்படியோ டெக்னோபார்க் இளைஞர்களின் சொத்தாகிவிட்டது. 2024இல் புனேயில் வேலை பார்த்த கொச்சிப் பெண் அன்னா செபாஸ்டியன் இறந்தபோது கேரளம் முழுவதும் வேலைப் பளுவைப் பற்றிக் கொதித்தது, நியாயமாகவே. ஆனால் லேப்டாப் இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் இந்தச் சொல்லோடு பல தடவை மல்லுக்கட்டியிருக்கிறேன். 'எரிந்து போதல்' என்றால் சாம்பல் நினைவுக்கு வருகிறது. நடப்பது அதுவல்ல. சமையலறையில் 'அடிப்பிடித்தல்' என்போமே, அது பொருத்தம். மேலே பார்த்தால் சோறு வெள்ளை வெளேர் என்றிருக்கும். அடியில் கருகிக்கொண்டிருக்கும். வாசனை வந்த பிறகுதான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது: இது நோய் அல்ல, வேலையிடத்தில் முளைக்கிற நிலைமை. சரியாகக் கையாளப்படாத, தீராத வேலை அழுத்தத்தின் விளைவு. அடையாளங்கள் மூன்று. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற உணர்வு. மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தது இரண்டாவது அடையாளம். அவர் கல்நெஞ்சக்காரி அல்ல.

நம்முடைய விதிகள் என்ன சொல்கின்றன? சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு தமிழ்நாடும் 1998இல் கேரளமும் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தன. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அதன்படி ஒவ்வொரு விடுதிக்கும் முழுநேர வார்டன் வேண்டும். அவர் விடுதியிலோ அதற்கு மிக அருகிலோ வசிக்க வேண்டும். கண்டிப்பும் வேண்டும், இளைஞர்களோடு பேசி ஆறுதல் சொல்லும் பக்குவமும் வேண்டும். எந்நேரமும் அவரை அணுக முடிய வேண்டும். அதற்காக நிர்வாகமே செல்போன் தந்து, எண்ணை எல்லா மாணவர்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, 'எந்நேரமும்' என்பதைத் தவிர. எந்நேரமும் அணுக முடிகிற ஒரு பொறுப்பு இருக்கலாம். எந்நேரமும் அணுக முடிகிற ஒரு மனிதர் இருக்க முடியாது. மருத்துவமனையில் நர்ஸ் எந்நேரமும் இருக்கிறார், ஆனால் அது ஒரே நர்ஸ் அல்ல. ஷிஃப்ட் மாறுகிறது. விடுதியில் மட்டும் பொறுப்பையும் ஆளையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

அப்படிப் பார்ப்பதால் மாணவர்களுக்காவது லாபம் உண்டா? வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் 2024 பிப்ரவரி 18 அன்று சித்தார்த்தன் என்ற மாணவர் இறந்து கிடந்தார். திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காட்டுக்காரர். அதற்கு முன் விடுதியில் சக மாணவர்கள் அவரைக் கூட்டமாக வதைத்தார்கள் என்பது வழக்கு. விடுதிக்கு வார்டன் கல்லூரியின் டீனேதான். உதவி வார்டனும் ஓர் ஆசிரியர். இருவரும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு கல்லூரியையே நடத்த வேண்டியவரின் தலையில் விடுதியையும் கட்டினால், காகிதத்தில் வார்டன் இருப்பார், மாடியில் இருக்க மாட்டார்.

2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு விரிவான நெறிமுறைகள் தந்தது. ஆசிரியர்கள், பிற ஊழியர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி தர வேண்டும் என்பது அதில் ஒன்று. மேட்ரனும் காவலரும் இதில் அடக்கம். அவசியமான பயிற்சிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வகுப்பில் உட்காரவைத்து, ஒரு பெண்ணின் முகவாட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கற்றுத் தரலாம். தூங்காத கண்ணுக்கு அது தெரியாது. விடுதியில் ஓர் அசம்பாவிதம் நடந்தால் பூட்டிய கதவை முதலில் தட்டுபவர் மேட்ரன். போலீசுக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்பவரும் அவர்தான். மாணவிகளுக்கு ஆலோசகர் வரும்போது மேட்ரனுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

இந்த நிலைமைக்கு நிர்வாகங்கள் தரும் மருந்து அநேகமாக மகளிர் தினத்தன்று ஒரு யோகா வகுப்பு. யோகா மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்களின் கால்வலிக்கு யாரும் தைலம் சிபாரிசு செய்யவில்லை. கோழிக்கோட்டுப் பெண்கள் போராடினார்கள், 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி உட்கார இடம் தரச் சொன்னது. 2021இல் தமிழ்நாடும் செய்தது. தேவைப்பட்டது நாற்காலி. விடுதியில் தேவைப்படுவது இன்னோர் ஆள், ஒரு டியூட்டிப் பட்டியல்.

பட்டியல் வரும்வரை மேட்ரன் என்ன செய்யலாம்? மாணவிகள் வந்து போகும் நேரம் எழுதுகிற நோட்டுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு எழுப்பப்பட்டார், எதற்காக, மறுபடி எப்போது படுத்தார். ஒரு மாதம் எழுதி முதல்வர் மேஜையில் வைத்தால், "ரொம்ப சிரமமாக இருக்கிறது சார்" என்று சொல்வதைவிட அது பேசும். எது நள்ளிரவு அவசரம், எது காலை வரை காத்திருக்கலாம் என்று வார்டனிடம் எழுதி வாங்கி வாசலில் ஒட்டலாம். ரத்தம், மூச்சுத் திணறல், 'செத்துவிடலாம் போலிருக்கிறது' என்ற பேச்சு, இவை எந்நேரமும். வைஃபை, காலையில். ஒரு வேளைச் சாப்பாட்டையாவது மெஸ்ஸுக்கு வெளியே, போன் இல்லாமல் சாப்பிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, மலையாளத்திலும் தமிழிலும் பேசலாம். பல விடுதிகளில் இதை மாணவர்களுக்கென்று ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவரும் அழைக்கலாம்.

நான் பேசிய மேட்ரன் தன் முதல்வரிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கினார். சனி மாலை முதல் ஞாயிறு மாலை வரை விடுதி போன் அலுவலக உதவியாளர் ஒருவரிடம் இருக்கும், இவர் ஆற்றிங்கலில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். முதல் வாரம் அங்கிருந்து நான்கு தடவை போன் செய்து விசாரித்தாராம். மூன்றாவது வாரம் ஒரு தடவைதான். 4.30க்கு எழுந்து அடுப்பு மூட்டுகிற சமையல்காரப் பெண்கள் இருவருக்கும் அப்படி ஒரு ஞாயிறு கேட்டிருக்கிறார். நிர்வாகம் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறது.