கம்பி இழுத்தவனுக்குக் கதவு சாத்த அதிகாரம் ஏது?

இன்டர்நெட் கம்பெனி என்பது என்ன? நமது வீட்டிற்கு ஒரு கம்பியை இழுத்து, நாம் கேட்கும் சங்கதிகளை அதன் வழியாய்க் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதற்காக மாதாமாதம் கூலி வாங்கிக் கொள்ளும் ஒரு வண்டிக்காரன். இதற்கு மேல் அதற்கு யாதொரு மகத்துவமும் கிடையாது. புளியங்குடி மண்டியில் எலுமிச்சங்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரர், நடுவழியில் மூட்டையைப் பிரித்து, “இந்தக் காய்கள் அவர்கள் தின்னத் தகாதவை” என்று அள்ளி வீசிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் முழு வாடகையும் கேட்பாரானால், நம் ஊர் வியாபாரிகள் அவரைச் சும்மா விடுவார்களா? மறுநாள் வேறு லாரியைத்தான் பேசுவார்கள். ஆனால் அதே வியாபாரி தன் வீட்டில், தான் தேடிய வெப்சைட் திறக்கவில்லையென்றால், “நெட்டு சரியில்லை” என்று தலைவிதியை நொந்துகொண்டு படுத்துவிடுகிறார். இந்தப் பழக்கத்தைப் பற்றியே இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற வருஷம் நமக்கே இது நேர்ந்தது. வேறொரு தோழர் வீட்டில் தாராளமாய்த் திறக்கிற ஒரு புத்தகத் தளம் நம் வீட்டில் மாத்திரம் திறக்கவில்லை. கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் பேசினால், முதல் ஆள் “மோடத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள்” என்றார். இரண்டாவது ஆள் “உங்கள் போனில்தான் கோளாறு” என்றார். மூன்றாவது ஆள், “மேலிடத்து உத்தரவு சார், அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?” என்றார். எந்த மேலிடம், என்ன தேதி, என்ன உத்தரவு என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். கோவிலில் கருவறைக்குள் ஏன் விடமாட்டாய் என்று கேட்டால் ஆகமம் என்கிறான். அந்த ஆகமத்தைக் கண்ணில் காட்டு என்றால் காட்டுவதில்லை. இங்கே உத்தரவு என்கிறான், அதையும் காட்டுவதில்லை. வித்தியாசம் என்னவென்றால், இவனுக்குத் தட்சணையை நாம் முன்பணமாகவே கட்டித் தொலைத்திருக்கிறோம்.

சர்க்கார் உத்தரவு என்பது முழுப் பொய்யுமல்ல. 2000ஆம் வருஷத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை 2008இல் திருத்தி, 69ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வெப்சைட்டுகளைத் தடுக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. 2009இல் அதற்குச் செய்த விதிகளில் 16ஆவது விதி, இவ்விஷயங்களை இரகசியமாய் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2015 மார்ச் 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் 66ஏ பிரிவை அடித்துப் போட்ட அதே தீர்ப்பில் 69ஏவை நிற்கவிட்டு, தடுப்பதற்குரிய காரணங்கள் எழுத்தில் இருப்பதால் கோர்ட்டில் போய் அவற்றை எதிர்க்கலாம் என்று சமாதானமும் சொல்லிற்று. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை எதிர்த்து வாதாடுவது எப்படி என்பதை வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும்.

நிற்க, எல்லாம் சர்க்கார் உத்தரவுதான் என்றால் எல்லாக் கம்பெனிகளும் ஒன்றுபோலத்தானே தடுக்க வேண்டும்? 2020இல் பெங்களூரின் இன்டர்நெட் மற்றும் சமுதாய மையத்தோடு சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், நாட்டில் இன்டர்நெட் உபயோகிப்போரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவர்களுக்குச் சேவை செய்யும் ஆறு கம்பெனிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஒருவன் தடுப்பதை இன்னொருவன் தடுப்பதில்லை என்பதும், தடுக்கும் விதமும் ஆளுக்கொன்று என்பதும் அதில் வெளியாயிற்று. ஆகவே சர்க்கார் பேரைச் சொல்லிக்கொண்டு கம்பெனிக்காரன் தன் சோம்பேறித்தனத்தையும் பயத்தையும் நம் தலையில் கட்டுகிறான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2012இல் ‘3’ என்ற சினிமாவின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க வேண்டுமென்று சென்னை ஹைகோர்ட்டில் ஓர் உத்தரவு வாங்கினார்கள். கம்பெனிகள் என்ன செய்தன? திருட்டுப் பிரதி இருக்கிற பக்கத்தை மூடாமல், விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டன. எலி புகுந்ததென்று வீட்டைக் கொளுத்திய கதைதான். அந்த ஜூன் மாதத்தில் ஹைகோர்ட்டே, குறிப்பிட்ட முகவரிக்கு மாத்திரமே தன் உத்தரவு பொருந்தும், முழுத் தளத்திற்கு அல்ல என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

2025 பிப்ரவரி 15ஆம் தேதி விகடன் தளம் பலருக்குத் திறக்காமற் போனதும் அறிந்ததே. பிரதம மந்திரியைப் பற்றிய ஒரே ஒரு கார்ட்டூன்! அதற்காக முழுத் தளமும் மூடிக்கொண்டது. தங்களுக்கு முறையான அறிவிப்பு எதுவும் இல்லை என்று விகடன்காரர்கள் அன்று சொன்னார்கள். மார்ச் 6ஆம் தேதி சென்னை ஹைகோர்ட், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாய் எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகே வழி பிறந்தது. இடையில் பணம் கட்டிய வாசகனுக்கு எந்தக் கம்பெனியாவது காரணம் சொல்லிற்றா?

1933 அக்டோபர் 29ஆம் தேதி ‘குடி அரசு’ எழுதிய தலையங்கத்திற்காக வெள்ளைக்கார சர்க்கார் வழக்குப் போட்டு, ஈ.வெ.ரா.வையும் அவர் தங்கை கண்ணம்மாளையும் ஜெயிலுக்கு அனுப்பிற்று. கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு செக்ஷன் நம்பர் இருந்தது. நின்று பதில் சொல்ல ஒரு கோர்ட் இருந்தது. “உங்கள் வீட்டுக் கதவைச் சாத்தித் திறந்து பாருங்கள், பத்திரிகை வரும்” என்று எந்தத் தபால்காரனும் வாசகனிடம் சொல்லவில்லை.

கெட்ட படங்களைக் குழந்தைகள் பார்த்துவிடாதா என்று சில பெரியவர்கள் கேட்கலாம். அவரவர் வீட்டுக் குழந்தைக்கு அவரவர் வீட்டு ரூட்டரிலேயே தடுப்பு வைத்துக் கொள்ள வசதி உண்டு. ஊருக்கெல்லாம் கம்பெனியைத் தகப்பனாக்க வேண்டியதில்லை.

“எல்லாக் கம்பெனியும் ஒன்றுதானே, மாறி என்ன பயன்?” என்பது இன்னொரு வேதாந்தம். ஒன்றல்ல என்பதை மேலே காட்டியாயிற்று. சர்க்கார் உத்தரவிலிருந்து கம்பெனி மாறுவதால் தப்பிவிட முடியாதென்பது மெய். அதற்குச் சட்டத்தையே எதிர்த்துப் பேச வேண்டும். ஆனால் கம்பெனிக்காரன் தானாகச் சேர்த்துக்கொண்ட தடைக்கும், அவன் சொல்லும் பொய்க்கும், அவன் காட்டும் அலட்சியத்திற்கும் நாம் ஏன் மாதச் சந்தா கட்ட வேண்டும்?

விலகுகிறவர்கள் முறையாய் விலக வேண்டும். முதலில் புகார் கொடுத்து அதன் நம்பரை வாங்கவும். 2012ஆம் வருஷத்திய டிராய் ஒழுங்குமுறைப்படி அந்த நம்பரைக் கொடுப்பது அவர்கள் கடமை. பதில் திருப்தியில்லையானால் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டெலிபோன் சங்கதி அங்கே செல்லாது என்று கம்பெனிகள் வெகுகாலம் சாதித்து வந்ததை, 2022 பிப்ரவரி 16ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை. கட்டிய டெபாசிட்டை 45 நாளைக்குள் திருப்பிக் கேட்கவும்.

கம்பியைக் கழற்ற வருகிற பையனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் கூலிக்காரன், கதவைச் சாத்தியவன் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறான். மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு அவனிடம் கையெழுத்துப் போட்ட ரசீது மாத்திரம் மறவாமல் வாங்கிக் கொள்ளவும்.