டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிறதே... அது ரோபோவா?

புதுக்கோட்டையில் பல வீடுகளில் மொட்டை மாடி டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாகவே நின்றுவிடும். இது ரோபோவா? இல்லை, ஆட்டோமேஷன்.

என்ன வித்தியாசம்?

ஆள் இல்லாமல் ஒரு வேலை நடந்தால் ஆட்டோமேஷன். ரோபோவும் அதில் ஒரு வகைதான். ஆனா, அது சென்சாரால் சுற்றுப்புறத்தை உணரும், புரோகிராம்படி முடிவெடுக்கும், கையையோ சக்கரத்தையோ அசைக்கும். புரோகிராமை மாற்றினால் வேலையும் மாறும். பாதாளச் சாக்கடையில் மனிதருக்குப் பதிலாக இறங்க, கேரள இளைஞர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ நல்ல உதாரணம்.

பள்ளிகளில் எப்படி?

கேரளாவில் 2025-26 முதல் 10-ம் வகுப்பு மாணவர்களுக்கு ரோபோட்டிக்ஸ் கட்டாயப் பாடம். மத்திய அரசு 2016-ல் தொடங்கிய ‘அடல் டிங்கரிங் லேப்’ திட்டம் 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது, பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை நிதி. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப்கள் என்றது 2025 பட்ஜெட்.

லேப் வந்தால் போதுமா?

இதற்குப் புதுக்கோட்டையிலேயே பாடம் இருக்கு. 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார்கள். தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ரோபோவும் அப்படித்தான். கிட் பீரோவில் பூட்டிக் கிடந்தால், வீடியோ பார்த்து மட்டும் யாருக்கும் வராது. அரசுப் பள்ளி மாணவி தன் கையால் ஒயரை மாட்டி, தப்பாகி, மறுபடி மாட்டிப் பார்க்க வாரத்துக்கு எத்தனை பீரியட்? சொல்லித்தர பயிற்சி பெற்ற டீச்சர் இருக்காங்களா? பெற்றோர் கேட்க வேண்டியது இதைத்தான்.