கடிப்பது யார்?

உடலில் தினவெடுத்தால் தமிழகத்தார் ‘அரிக்கிறது’ என்பர். ஈழத்தில் நாம் ‘கடிக்கிறது’ என்கிறோம். எறும்போ நுளம்போ கண்ணிற் படாவிட்டாலும் ‘கை கடிக்குது, கால் கடிக்குது’ என்றுதான் நம் வாயில் வரும். இலக்கண ஆசிரியர்கள் இதனைத் தோன்றா எழுவாய் என்று கூறி அமைதி கொள்ளக்கூடும். செடியையும் பூச்சியையும் பறவையையும் பார்த்துக்கொண்டு திரிகிற என் போன்றவனுக்கு அவ்வளவில் அமைதி கிடைப்பதில்லை. கடிக்கிறது என்றால், கடிப்பது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளாமல் விட்டதனால் ஒரு சிறுவனுக்கு நான் இழைத்த அநீதியை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

கட்டுக்கரைக் குளத்தின் அயலிலே ஆசிரியத் தொழில் பார்த்த காலம் அது. மாசி மாதத்தில் ஒரு நாள், என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் முழங்காலுக்குக் கீழே செந்நிறத் தடிப்புக்களோடு வந்து, பாடத்தைக் கவனியாமல் சொறிந்துகொண்டே இருந்தான். நான் அருகிற் சென்று பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன் என்பதே உண்மை. “சிரங்கு” என்றேன். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று அவனைப் பின்புறத்தில் தனி வாங்கில் இருத்தினேன். “இல்லை சேர், குளத்தில இறங்கினதால கடிக்குது” என்று அவன் மெல்லச் சொன்னான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. இடைவேளையில் அவனோடு ஒருவரும் விளையாடவில்லை. மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவனுடைய பாட்டி வந்தார். எருமை வளர்க்கும் குடும்பம். கோபத்தோடு வந்திருக்க வேண்டியவர். ஆனால் பொறுமையாகவே பேசினார். “வாத்தியார், நீங்கள் படிச்சனீங்கள். ஆனால் இது சிரங்கில்லை. மாரி முடிய, அலைகரையில மாடு கழுவ இறங்கிற எல்லாருக்கும் இப்பிடித்தான் கடிக்கும். தண்ணி பட்ட இடத்தில மட்டும்தான் பாருங்கோ. கரையேறின உடன துடைச்சால் குறையும். வீட்டில வேற ஒருத்தருக்கும் இல்லை.”

நான்கே வாக்கியங்களில் காலம், இடம், உடலின் எந்தப் பகுதி, எவருக்கு வருகிறது, எவருக்கு வரவில்லை என்று யாவற்றையும் அந்த மூதாட்டி கூறிவிட்டார். விஞ்ஞானம் கற்பித்த நானோ ஒரு சொல்லோடு நின்றிருந்தேன்.

பின்னர் வெட்கத்தோடு நூல்களைத் தேடியபோது, அவர் கூறிய அடையாளங்கள் ஒவ்வொன்றும் அங்கே இருந்தன. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஏரி ஒன்றின் கரையிலே கோர்ட் என்னும் விஞ்ஞானி இத்தகைய கடிக்குக் காரணத்தைக் கண்டறிந்தார். நீரில் இறங்கியவர்களின் தோலைத் துளைப்பது ஒரு நுண்ணிய உயிர். பறவைகளின் இரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழுவின் இளம் பருவம் அது. தாய்ப்புழுவின் முட்டை எச்சத்தோடு நீரில் விழுகிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒரு நத்தையினுள் புகுந்து பல்கிப் பெருகுகிறது. பின்னர் பிளவுபட்ட வாலோடு வெளியே நீந்தி, மீண்டும் ஒரு பறவையின் காலைத் தேடுகிறது. தேடும் வழியில் மனிதனின் கால் அகப்பட்டால் அதனுள்ளும் நுழைந்துவிடுகிறது. நுழைந்த பின்னரோ வாழ வழியின்றித் தோலுக்குள்ளேயே மடிந்துபோகிறது. அந்த வழிதவறிய விருந்தாளியை நம் உடல் எதிர்த்து நிற்பதன் அடையாளமே தடிப்பும் தினவும். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றாது. சில நாட்களில் தானே அடங்கிவிடும். மீண்டும் மீண்டும் இறங்குபவர்க்கு முன்னையினும் கடுமையாக வரும். கரையேறியவுடன் நன்றாகத் துடைத்தால் குறைவதும் உண்மையே.

பறவைக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் எருமைக்கும் உரிய இத்தகைய புழுக்கள் நம் பகுதிகளில் உண்டு. 1933ஆம் ஆண்டில் சென்னையில் கால்நடை ஆராய்ச்சியாளர் அனந்த நாராயண ராவ், மாடுகளின் மூக்கு இரத்தக் குழாயில் வாழ்ந்து அவற்றைக் குறட்டைவிடச் செய்யும் புழுவை வேறு பிரித்து விவரித்தார். அதற்கு இடைத்தங்கலாக அமைவது, வயலிலும் குளத்திலும் நாம் நாள்தோறும் காணும் வட்டமாய்ச் சுருண்ட சிறு நத்தை. சேற்றில் நின்று நாற்று நடுவோர்க்குக் கால் கடிப்பதற்கும் இவ்வினப் புழுக்கள் காரணமாவதை இந்திய ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

இனிக் கட்டுக்கரையை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் அமைத்ததாகக் கூறப்படுவது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் திருத்தியது. அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் கொணரும் நீரால் நிறைவது. மாரி முடிந்ததும் நீர் மெல்லப் பின்வாங்க, அலைகரையில் முழங்காலளவு நீர் வெயிலிற் சூடேறிக் கிடக்கும். அங்கேயே நத்தை, அங்கேயே எருமை, வடதிசையிலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வந்த ஊசிவால் தாராக்களும் அங்கேயே. அவற்றின் நடுவே ஒரு சிறுவனின் இரண்டு கால்கள். பாட்டி சொன்ன ‘மாரி முடிய’ என்ற ஒரு தொடருக்குள் இத்தனையும் அடங்கியிருந்தன.

சிரங்கு வேறு. அங்கும் கடிப்பவர் ஒருவர் உண்டு. தோலைக் குடைந்து வாழும் சிற்றுண்ணி. 1687ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பொனோமோவும் அவர் நண்பர் செஸ்தோனியும் உருப்பெருக்கியில் அதனைக் கண்டு, படமும் வரைந்து வெளியிட்டனர். அந்தக் கடி இரவில் மிகும். விரல் இடுக்குகளில் தொடங்கும். ஒருவர்க்கு வந்தால் வீட்டிலுள்ளோர்க்கும் பரவும். வகுப்பாசிரியன் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தால் போதும், இரண்டையும் பிரித்தறிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

தோல் கடிப்பது சிறிய துன்பம். அதனால் எவரும் இறப்பதில்லை. ஆனால் அதற்குத் தவறான பெயர் சூட்டிவிட்டால் துன்பம் பெரிதாகிறது. ஒரு பிள்ளை தனி வாங்கில் அமர நேர்கிறது. ஒரு மரம் வெட்டுண்கிறது. ஒரு குளத்தில் நஞ்சு கலக்கிறது.

மரம் வெட்டுண்ட கதையை நம்மிற் பலர் கண்டிருப்போம். முருங்கையில் மயிர்க்கொட்டி பற்றும். பகலில் அடிமரத்தில் கம்பளி விரித்தாற்போல் கூட்டமாய் ஒட்டிக் கிடக்கும்; இரவில் ஏறி இலை தின்னும். அதன் மயிர் பட்ட பிள்ளை அழுதால், தந்தையார் கோடரியை எடுக்கிறார். எங்கள் ஒழுங்கையிலும் ஆண்டுக்கணக்காய்க் காய்த்த முருங்கை ஒன்று இவ்வாறு ஒரே காலையில் வீழ்ந்தது. பகலில் அவை ஓரிடத்தில் திரண்டு கிடக்கும் பழக்கத்தை அறிந்தவர், சவர்க்கார நீரைத் தெளித்தோ தீப்பந்தம் காட்டியோ அந்தக் கூட்டத்தை அகற்றி மரத்தைக் காத்திருப்பார். மயிருள்ள புழுவை விரும்பி உண்ணும் குயிலினப் பறவைகளும் உண்டு. அவை வந்தமர்வதற்கும் மரம் நிற்க வேண்டும்.

வேலியிற் படரும் பூனைக்காலியை எடுத்துக்கொள்வோம். அதன் காயை மூடியுள்ள பட்டுப்போன்ற சுணை உடலிற் பட்டவன் அதனை ஆயுளுக்கும் மறவான். அச்சுணையில் உள்ள ஒரு நொதியமே கடிக்குக் காரணம் என்பதை 1955இல் அமெரிக்கரான ஷெல்லி, ஆதர் என்னும் இருவர் காட்டினர். பூச்சி கடித்தால் எழும் தினவின் வழி வேறு, இதன் வழி வேறு என்பதும் அதன் மூலம் புலப்பட்டது. தினவைப் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு இச்செடி ஓர் உரைகல் ஆயிற்று. அதே செடியின் விதையிலிருந்து 1937இலேயே சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் ‘டோப்பா’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளர்க்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் முதன்மையான மருந்து அப்பொருளே. விதையைப் பக்குவம் செய்து பயன்படுத்தும் வழக்கம் நம் சித்த மருத்துவரிடமும் நெடுங்காலம் உண்டு. காய் கடிக்கிறது என்பதற்காகக் கொடியை வேரோடு அழித்திருந்தால் விதையில் இருந்ததை எவர் அறிந்திருப்பார்?

நம் முன்னோர் இவற்றைக் கவனித்தார்கள் என்பதற்குச் சொற்களே சான்று. தொட்டால் தகிக்கும் செடிக்குக் காஞ்சொறி என்று பெயரிட்டனர். கடலில் தோலைச் சுடும் இழுது போன்ற உயிரை மீனவர் சொறி என்றே அழைக்கின்றனர். ஆயினும் பழஞ்சொல் என்பதற்காக எல்லாவற்றையும் சோதியாமல் ஏற்பதும் தவறு. சொறித்தவளையைத் தொட்டால் பாலுண்ணி வரும் என்று இன்றும் பிள்ளைகளை அச்சுறுத்துகிறோம். பாலுண்ணிக்கும் மருவுக்கும் காரணம் வைரஸ். மனிதரிடமிருந்தே மனிதர்க்கு வருவது. தவளையின் முதுகுத் திவலைகள் கசியும் நஞ்சு கண்ணிலும் வாயிலும் பட்டால் எரியும். கை கழுவினால் போதும். இரவெல்லாம் பூச்சி தின்று நமக்கு உதவும் அந்தப் பிராணி, தன் தோலின் தோற்றத்திற்காகவே நம் கையால் கல்லடி படுகிறது. தனி வாங்கில் நான் இருத்திய சிறுவனின் கதையும் இதுதான்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குளத்தில் இறங்கினால் கடிக்கிறது, பறவையும் நத்தையும் காரணம் என்று அரைகுறையாய் அறிந்தால் அடுத்த யோசனை என்னவாக இருக்கும்? பறவையை விரட்டு, நத்தையைக் கொல் என்பதாகத்தான் இருக்கும். அமெரிக்க ஏரிகளிலே பல ஆண்டுகள் மயில்துத்தம் கரைத்து நத்தையைக் கொல்ல முயன்றனர். நத்தையோடு பிற நீர்வாழ் உயிர்களும் தாக்குண்டன. நம் குளமோ வயலுக்குப் பாய்கிறது, மீன் தருகிறது, மாட்டுக்கு நீர் தருகிறது. 1954ஆம் ஆண்டில் அது சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சற்றுத் தொலைவிலுள்ள வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாயிற்று. அறிவிப்புப் பலகைகள் இவற்றைக் காவா. காலைத் துடைத்தால் போதும் என்று அறிந்த ஒரு பிள்ளை, பறவை மீது கல்லெறியாது, அதுவே காவல்.

எனவே என் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பி வையுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட மொழியிலேயே அதில் எழுதுங்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் ஏன் இவ்வளவு பருத்திருக்கிறது? அது தன் அடிமரத்தில் நீரைச் சேமிக்கும் ஆபிரிக்க மரம். அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கூறுவர். பூநாரைக்குச் செந்நிறம் எங்கிருந்து வந்தது? அது உண்ணும் உணவிலிருந்து வந்தது. கருணைக்கிழங்கு தொண்டையைக் கடிப்பதேன்? ஊசி போன்ற நுண்பளிங்குகள் அதனுள் இருக்கின்றன. அறிந்த விடையை எழுதுங்கள். அறியாததற்கு இடம் விட்டு வையுங்கள். விடையைத் தேடி மாணவரை அவர்களுடைய பாட்டன் பாட்டியரிடமும் அனுப்புங்கள். எப்போது, எங்கே, எவருக்கு, எவருக்கு இல்லை என்ற நான்கையும் கேட்டுவரச் சொல்லுங்கள். பரிசோதனைக் கூடம் இல்லாத பாடசாலைக்கும் இது இயலும்.

அந்தச் சிறுவன் மறு வாரம் திரும்பி வந்தான். வகுப்பின் முன் நான் செய்த பிழையைச் சொல்லி, அவனை அவனுடைய பழைய இடத்தில் இருத்தினேன். தடிப்புகள் அதற்குள் மறைந்துவிட்டன. மற்றப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டு, தாங்களும் குளத்தில் இறங்கியபோது எங்கெங்கே கடித்தது என்று காட்டத் தொடங்கினார்கள். ஒன்பது பேருக்குக் கடித்திருந்தது. சிரங்கு என்று நான் ஒதுக்கி வைத்துவிடுவேனோ என்று பயந்து அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.