கொடுத்தவன் பெயர்

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் ஹாக்கி அரங்கின் படிக்கட்டுகளில் மாலை வேளைகளில் வந்து உட்காரும் பெரியவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். கோல் விழும்போது அவர்கள் கைதட்டுவது குறைவு. அதற்கு இரண்டு மூன்று விநாடி முன்பாகவே அவர்களுடைய பாராட்டு முடிந்துவிட்டிருக்கும். நடுக்களத்திலிருந்து ஒரு பந்து புறப்படுகிறது. அது போய்ச் சேருவதற்குள் யாராவது ஒருவர் தொண்டைக்குள் ‘ம்’ என்கிறார். பக்கத்திலிருப்பவர் தலையை அசைக்கிறார். பிறகு கோல் விழுகிறது, இளைஞர்கள் எழுந்து குதிக்கிறார்கள். பெரியவர்கள் கடலை மிட்டாயை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு ஹாக்கி ஞானம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஊர் புதூர். (விளாத்திகுளத்துப் பக்கம் இருக்கும் புதூர், மதுரைப் புதூர் என்று எண்ணிவிட வேண்டாம்.) மல்லியும் மிளகாயும் உளுந்தும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். கோவில்பட்டிக்குப் போவதென்றால் சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, புத்தகம் வாங்க. ஹாக்கி அந்தப் பட்டியலில் வெகுநாள் கழித்துத்தான் சேர்ந்தது. ஆகவே நான் சொல்லப்போவது ஆட்டக்காரனின் கருத்தன்று, பார்வையாளனின் கருத்து. இன்னும் சரியாகச் சொன்னால், பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கருத்து.

சென்ற ஆண்டு அங்கே ஒரு கல்லூரி அணி ஆடியது. எதிரே ஓர் அலுவலக அணி; சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிற, முப்பதை நெருங்கிய, உடம்பு தேறிய ஆட்டக்காரர்கள். கல்லூரி அணியின் சென்டர் ஹாஃப் பத்தொன்பது இருபது வயதுப் பையன். ஒல்லி. ஓட்டத்தில் அப்படியொன்றும் வேகம் இல்லை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் படிக்கட்டு முழுவதும் அவனைப் பற்றித்தான் பேச்சு.

“பய என்னமா குடுக்கான் பாருவே.”

“பந்து வாரதுக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கிடுதான்.”

“வலப்பக்கம் குடுத்தான் பாத்தீரா? உடம்பைக் காட்டவே இல்ல.”

இந்த மூன்றாவது வாக்கியம் எனக்குப் புரியவில்லை. அருகிலிருந்த ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்தான் விளக்கினார். ஹாக்கி மட்டைக்கு ஒரே ஒரு தட்டைப் பக்கம்தான் உண்டு, அது இடப்புறம் இருக்கும். மறுபுறம் உருண்டை, அந்தப் பக்கத்தால் பந்தைத் தொடக்கூடாது. இடது கைக்காரனுக்கென்று தனி மட்டை கிடையாது, உலகமே வலது கைக்காரனின் மட்டையால்தான் ஆடுகிறது. அதனால் பந்தை இடப்பக்கம் இழுத்துத் தட்டுவது எளிது. வலப்பக்கம் கொடுக்க வேண்டுமானால் உடம்பைப் பந்தைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும், அல்லது மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அந்த அசைவிலேயே எதிராளி விஷயத்தைக் கண்டுகொள்வான். இந்தப் பையன் பந்தை நிறுத்தும்போதே பாதங்களை மாற்றி வைத்துவிடுகிறான். நிறுத்துவதும் கொடுக்கத் தயாராவதும் ஒரே காரியமாகிவிடுகிறது. எதிரணிக்காரன் அவன் உடம்பைப் படித்துக்கொண்டிருக்கையில் பந்து போய்விட்டது.

அன்றைக்கு அவன் அப்படிக் கொடுத்த இரண்டு பந்துகள் கோலாயின. அவன் கோல் எதுவும் போடவில்லை. மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி. கோல் போட்ட இரண்டு பையன்களின் பெயரும் எத்தனையாவது நிமிடம் என்பதும் இருந்தன. சென்டர் ஹாஃப் பெயர் இல்லை. செய்தியாளரைக் குறை சொல்வதற்கில்லை. மேசையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட தாளிலேயே அந்தப் பெயருக்கு இடம் கிடையாது. கோல், பெனால்டி கார்னர், பச்சை அட்டை, மஞ்சள் அட்டை. ஒருவன் தவறு செய்தால் தாளில் ஏறிவிடுகிறான். பந்தைச் சரியாகக் கொடுத்தால் ஏறுவதில்லை.

இத்தனைக்கும் ஹாக்கியில் கொடுப்பவனுக்குச் சட்டமே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. ‘டி’ என்று சொல்லப்படும் அரைவட்டத்துக்கு வெளியேயிருந்து அடித்த பந்து, நடுவில் ‘டி’க்குள் நிற்கும் தன் அணிக்காரன் மட்டையில் படாமல் வலைக்குள் போனால் கோல் ஆகாது. கால்பந்தில் நாற்பது கஜத்திலிருந்து ஒருவன் தனியாக அடித்துவிடலாம். இங்கே முடியாது. யாராவது பந்தை அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும்.

அந்த வாரம் அமெரிக்காவில், மிஷிகன் மாநிலத்தில் இருக்கும் அக்கா மகன் தொலைபேசியில் வந்தான். அவனுக்கு இப்போது அமெரிக்கக் கால்பந்துப் பித்து. ஏதோ ஒரு கல்லூரியின் குவார்ட்டர்பேக் பையனைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். எத்தனை பந்து எறிந்தான், எத்தனை போய்ச் சேர்ந்தது, மொத்தம் எத்தனை கஜம், எத்தனையை எதிரணி பறித்தது என்று எல்லாமே கணக்கு. எனக்கு அந்த ஆட்டத்தில் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனால் ஒன்று புரிந்தது. அங்கே கொடுப்பவன்தான் நாயகன். ஓடிப் போய்ப் பிடித்துக் கோட்டைத் தாண்டுகிறவன் அவனுக்கு அடுத்துத்தான். ஆன் ஆர்பரில் இருக்கும் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாமாம். அத்தனை பேர் முன்னிலையில் இருபது வயதுப் பையன் ஒருவன் பந்தை எறிகிறான், எறிந்த ஒவ்வொன்றும் அவன் பெயரில் பதிவாகிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி விளையாட்டுக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொண்டு விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அனுமதி வந்துவிட்டது. ரசிகர்களின் பாராட்டு அங்கே நேராகக் காசாகிறது. அது பையன்களுக்கு நல்லதா என்பது வேறு விவாதம். (எனக்கு ஐயம் உண்டு. இருபது வயதில் லட்சம் பேர் சொல்லும் ‘ஆகா’வைத் தாங்கிக்கொள்ளும் தலை எத்தனை பேருக்கு வாய்க்கும்?)

நம் பக்கத்துக்கு வருவோம். 1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது, பாகிஸ்தானை 2-1 என்று. சுர்ஜித் சிங் ஒரு கோல், அசோக் குமார் ஒரு கோல். அசோக் குமாரின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதா, உள்ளே போய்த் திரும்பியதா என்ற சர்ச்சை இன்றைக்கும் பழைய ரசிகர்களிடையே ஓய்ந்தபாடில்லை. அந்த அணியின் தலைவர் அஜித்பால் சிங், சென்டர் ஹாஃப். நம் தமிழ்நாட்டு வி. ஜே. பிலிப்ஸ் வலப்பக்க விளிம்பில் ஆடியவர். கோல் கோட்டைத் தாண்டியதா என்று ஐம்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேரால், அந்தப் பந்து யார் யார் மட்டை வழியாக அசோக் குமாரிடம் வந்தது என்று தடுமாறாமல் சொல்ல முடியும்? 2024 ஆகஸ்டில் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கினோம். இரண்டும் ஹர்மன்பிரீத் சிங் அடித்த பெனால்டி கார்னர் கோல்கள். எல்லைக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டவர் யார், ‘டி’யின் விளிம்பில் அதை அசையாமல் நிறுத்தியவர் யார்? அவை ஒரு விரல்கடை பிசகினால் ஹர்மன்பிரீத்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நேரலையில் பார்த்த என் நண்பர்கள் நால்வரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோவில்பட்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் நிலம் என்று நினைக்கிறேன். கரிசல் மண்ணில் ஹாக்கி ஆட முடியாது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மேலே சரளையும் செம்மண்ணும் கொட்டி இறுக்கித்தான் மைதானம் ஆக்கினார்கள். அந்தத் தரையில் பந்து எப்போது துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து அடி தள்ளி நிற்பவனுக்குப் பந்தை ஒழுங்காகச் சேர்ப்பதே அங்கே ஒரு வித்தை. 1976இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததும் இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தரை கோவில்பட்டிக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை சரளைத் தரையிலேயே ஆடியவர்களும் பார்த்தவர்களும்தான் இன்று படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்கள். நீர் தெளித்த பச்சைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும்போது அவர்கள் கண் அது புறப்பட்ட இடத்தைத்தான் தேடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். இது கேட்கத் தெரிந்தவர்களின் பூமி. விளாத்திகுளம் சுவாமிகளின் கரகரப்பிரியாவைத் தேடிப் போய்க் கேட்டவர்களில் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் உண்டு. அவர்களைப் போன்ற பெயர் பெற்றவர்கள் மட்டும்தான் கேட்டார்கள் என்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரிகளும் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். பாட்டு முடிகிற இடத்தில் கைதட்டுவதற்கும், ஒரு பிடி விழுகிற இடத்தில் தலையசைப்பதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருக்கும். படிக்கட்டில் கேட்ட அந்த ‘ம்’ அந்த வகையைச் சேர்ந்தது.

அந்தப் பெரியவர்கள் பையனை யாரோடும் ஒப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘அடுத்த அஜித்பால்’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இலக்கியப் பக்கங்களில் முதல் தொகுதி போட்ட பையனை ‘அடுத்த மௌனி’ என்று எழுதி இரண்டாவது தொகுதியோடு கைகழுவுகிற வழக்கம் நமக்கு உண்டு. அதைப் படித்துப் பழகிய எனக்கு இது வியப்பாக இருந்தது. இவர்கள் அவன் செய்ததை மட்டும் சொன்னார்கள். வலப்பக்கம் கொடுத்தான், உடம்பைக் காட்டவில்லை. அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு எனக்கும் அது தெரிய ஆரம்பித்தது.

ஆனால் படிக்கட்டோடு அந்தப் பாராட்டு நின்றுவிடுகிறதே, அதுதான் என் கவலை. இந்தப் பையன்களுக்கு ஹாக்கி பொழுதுபோக்கன்று. ரயில்வேயிலோ காவல்துறையிலோ ராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அதன் வழியாகத் தீப்பெட்டி ஆபீசிலிருந்தோ மானாவாரிக் காட்டிலிருந்தோ வீட்டை ஒரு படி மேலேற்றுவது, இதுதான் பெரும்பாலோரின் கணக்கு. 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்த கார்த்தி செல்வமும் இந்திய அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். இருவரும் முன்கள ஆட்டக்காரர்கள். சென்டர் ஹாஃப் பையன் எதைக் காட்டித் தன்னை நிரூபிப்பான்? தேர்வாளர் நேரில் வந்து பார்த்தால் உண்டு. வராவிட்டால் அவர் கையில் கிடைப்பது கோல் பட்டியலும் நாளிதழ்த் துண்டும்தான்.

என் கோரிக்கை சிறியது. உள்ளூர்ப் போட்டிகளிலாவது ஆட்டத் தாளில் இன்னொரு கட்டம் போடுங்கள். கோல் போட்டவன் பெயருக்கு எதிரே, கடைசியாகப் பந்தைக் கொடுத்தவன் பெயர். ஒலிபெருக்கியில் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னபோது உடற்பயிற்சி ஆசிரியர் மறுத்தார். “எழுத ஆரம்பிச்சா அதுக்குன்னே குடுக்க ஆரம்பிச்சிருவான் சார். அடிக்க வேண்டிய எடத்துலயும் குடுத்துட்டு நிப்பான்.” இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. கணக்கு வந்தவுடன் ஆட்டம் கணக்குக்காக வளையும். அக்கா மகனின் புள்ளிவிவரப் பிரசங்கத்திலேயே அது தெரிந்தது. கோலுக்கு இரண்டு தட்டு முன்பு நடுக்களத்தைத் திறந்துவிட்டவனை அந்தக் கட்டமும் பிடிக்காது என்பதும் உண்மை. ஆனாலும் இன்றைக்குக் கோல் மட்டும் எழுதப்படுவதால், கொடுக்க வேண்டிய இடத்தில் அடித்துப் பார்க்கிற பையன்கள் எத்தனை பேர்? ஒரு பக்கம் வளைந்து கிடப்பதைக் கொஞ்சம் மறுபக்கம் வளைத்தால் என்ன என்றேன். அவர் சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்து பையன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். படிக்கட்டில் முதல் ‘ம்’ சொன்ன பெரியவர் மெல்ல இறங்கிப் போய் அவன் அருகில் நின்றார். நானும் பின்னால் போனேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏய்யா, கடைசியில ஒண்ணு இடப்பக்கம் குடுத்தியே. வலப்பக்கத்துப் பய சும்மாதானய்யா நின்னான்?”

பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “பாத்தேன் தாத்தா,” என்றான். “அவனுக்கு மூச்சு வாங்கிட்டிருந்துச்சு.”